எட்டு எம்.எம். மீன்கள்

முன்னறை: அத்தியாயம் ஒன்பது

முப்பத்தோராவது நாள் காலையிலும் தொட்டியில் மீன் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. நாலடி நீளத்துக்குக் கண்ணாடி, அடியில் மணல், மணல்மேல் குரங்கணிப் பக்கமிருந்து ஜீப்பில் வந்திறங்கிய கற்கள், மேலே விளக்கு, மூலையில் இடைவிடாமல் குமிழி விடும் ஃபில்டர். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்காக, "தண்ணி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மைதீன் பீவி முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டாள். இரண்டு புட்டிகளிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு மருந்து விட்டாள். குலுக்கினாள். ஐந்து நிமிடம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சையாக மாறினால் தண்ணீரில் விஷம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் இல்லை.

"யாஸ்மின், இது என்னடி கலரு?"

"மஞ்சள்மா."

"நல்லாப் பாரு. பச்சை ஓடுதா?"

"மா, சுத்த மஞ்சள். மூணு நாளா மஞ்சள். இதுக்கு மேல மஞ்சளாக முடியாது. இன்னைக்கு மீன் வாங்கலாம்."

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முன்னறை இருபத்தாறு வருடம் மூடைகளின் அறையாக இருந்தது. கமருதீன் ஏல வியாபாரி. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை வாங்கி, சல்லடையில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து விற்பவர். மைதீன் பீவி கல்யாணமாகி வந்த அன்று அவளை உட்காரச் சொன்னதே ஒரு மூடையின் மேல்தான். மகள் யாஸ்மின் பிறந்தபோது தொட்டில் கட்டியது இரண்டு மூடைச் சுவர்களுக்கு நடுவில். வாசலில் நுழைகிறவர்கள் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்து, "ஆகா, என்ன வாசம்!" என்பார்கள். மைதீன் பீவி தும்முவாள். போடியில் டீயில் ஏலக்காய் போடாத ஒரே வீடு இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு மதுரையில் கமருதீனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மருத்துவமனைக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதன்மேல் 'ஆப்பிரிக்க சிக்லிட்' என்று ஒட்டியிருந்தது. மைதீன் பீவி அதன் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒற்றைக் கண்ணில் கட்டோடு வெளியே வந்த கணவர், "என்ன, போலாமா?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதில், "முன்ரூம் எனக்கு வேணும்."

கமருதீன் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். "நாப்பது நாளு. மீனு தண்ணிக்குள்ள எறங்குன நாள்ல இருந்து நாப்பது நாளு. அதுக்குள்ள ஒரே ஒரு மீனு செத்து மெதந்தாலும் தொட்டி வெளிய, மூடை உள்ள. சம்மதமா?"

"சம்மதம்."

பேரம் பேசாமல் ஒருவர் ஒத்துக்கொண்டதை வியாபாரத்தில் அவர் பார்த்ததே இல்லை. அன்று இரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூடைகள் மாடிக்கு ஏறின.

அதனால்தான் மைதீன் பீவி அவசரப்படவில்லை. புதுத் தொட்டியில் மீனை உடனே விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகும் என்று யாஸ்மின் ஃபோனில் பார்த்துச் சொல்லியிருந்தாள். அந்த விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் வளர வேண்டும். அவற்றுக்கு இரை வேண்டும். மைதீன் பீவி சந்தையிலிருந்து ஒரே ஒரு இறாலை வாங்கிவந்து, துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் அழுக விட்டாள். 'ஒத்தை இறாலா?' என்று மீன்காரர் இரண்டு தடவை கேட்டார். தொட்டி என்னாச்சு என்று தெருவில் கேட்டவர்களுக்கு, "தண்ணி பழுத்துக்கிட்டு இருக்கு" என்று ஒரே பதில்.

தண்ணீர்கூட இந்த வீட்டில் மற்றவர்கள் ஒதுக்கிய தண்ணீர். போடியில் மலைத் தண்ணீருக்குத்தான் மதிப்பு. போர் தண்ணீரில் டீ போட்டால் திரியும், பாத்திரத்தில் வெள்ளை பூக்கும், தலைமுடி கயிறாகும். ஆனால் இந்த ஆப்பிரிக்க மீன்களுக்கு அந்தக் கனத்த தண்ணீர்தான் வேண்டுமாம். இந்த வீட்டு போரைப் பாராட்டப்போகும் முதல் உயிர்கள் அவைதான்.

ஆக, எல்லாம் தயார். பத்து மணி பஸ்ஸில் தாயும் மகளும் தேனிக்குப் போவதாகத் திட்டம். வாங்க வேண்டியதை மைதீன் பீவி தன் கைப்பட எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். 'பீகாக் சிக்லிட். ஆண் 2. பெண் 10.'

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது.

"யாஸ்மின், சீட்டை எடுத்தியா?"

"இல்லையேம்மா."

மாடியில் ஏலக்காய் பிரிக்கும் ராமுத்தாய் படியில் பாதி இறங்கி நின்றாள். "மொதலாளி எடுத்துட்டுப் போனாருக்கா. எட்டு மணிக்கே ஜீப்பை எடுத்துட்டாரு. எங்க மொதலாளின்னு கேட்டேன். 'தேனியில ஒரு சின்னச் சரக்கு எடுக்கணும்'னாரு."

மைதீன் பீவி ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது தடவை எடுத்தார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"சோலியா இருக்கேன். வை."

"சீட்டு உங்ககிட்டயா இருக்கு?"

"இருக்கு, இருக்கு. நீ பஸ்சுல ஏறி இறங்கிக்கிட்டு எதுக்கு? முப்பது வருசமா மலையில இருந்து எறங்குற சரக்கைப் பாத்து வாங்குறவன் நானு. மீனு வாங்கத் தெரியாதா?"

ஃபோன் வைக்கப்பட்டது. யாஸ்மின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தொட்டியைப் பார்த்தாள். தொட்டி குமிழி விட்டது.

பதினோரு மணிக்கு ஜீப் வந்து நின்றது.

"யாஸ்மின்! வெரசா வா. அம்மாவைக் கூப்புடு. ராமுத்தாய், நீயும் வா, நீ பாக்கணும் இதை."

கமருதீன் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நடு அறையில் இறக்கிவைத்து, மூடியைத் திறந்து, காற்றடைத்த நாலு பைகளை வரிசையாக வெளிச்சத்தில் அடுக்கினார். ஏல ஹாலில் மாதிரிக் காயைத் தட்டில் பரப்பும் அதே கைவாகு.

பைக்கு மூன்று மீன். பன்னிரண்டும் நீலம். முகத்தில் மின்னுகிற நீலம், வயிற்றில் ஆரஞ்சு. நூலளவு கூடவோ குறையவோ இல்லாமல் பன்னிரண்டும் ஒரே நீளம்.

"பாத்துக்க. ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் இருக்காது. அம்புட்டும் எட்டு எம்.எம்.!"

எட்டு மில்லிமீட்டர்க் கண்ணுள்ள சல்லடையில் போட்டு ஆட்டினாலும் கீழே விழாமல் நிற்கிற காய்க்குத்தான் அந்தப் பெயர். கமருதீன் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டும் அதுதான். யாஸ்மின் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தபோதுகூட, "ஏழரை எம்.எம்." என்றுதான் சொன்னார்.

ராமுத்தாய் குனிந்து பார்த்து, தொழில் தெரிந்தவளாகத் தலையாட்டினாள். "ஒரே ரகம் மொதலாளி. ஒரு சொத்தை இல்லை."

"சொல்லு! ரெண்டு மணி நேரம் நின்னு பொறுக்கினேன். கடைக்காரன் வலையைப் போட்டு மொத்தமா அள்ளப் பாத்தான். விடுவேனா? ஒண்ணொண்ணா கையைக் காட்டி எடுத்தேன்."

மைதீன் பீவி பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரம்ஜானுக்குச் சேலை எடுக்கும்போதுகூட இந்த மனிதர் கட்டாகத்தான் எடுப்பார். தங்கைகளுக்கும் மச்சினிகளுக்கும் போக மிஞ்சுவது அவளுக்கு. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒன்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார்.

பன்னிரண்டும் ஆண்.

"அத்தா," என்றாள் யாஸ்மின் மெதுவாக, "சீட்டுல பெண் பத்துன்னு எழுதியிருந்துச்சே?"

"எழுதியிருந்துச்சு. எங்கப்பா அதுன்னு கேட்டேன், காட்டினான். சாம்பல் கலரு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. ஒரு மினுமினுப்பு இல்லை. இதையெல்லாம் எவன் வாங்குவான்னு ஒதுக்கிட்டேன். அவன் என்னமோ சொல்ல வந்தான். ரகத்தைப் பத்தி எனக்கே சொல்றியான்னு வாயை அடைச்சிட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். அதையும் வாங்கி வந்திருந்தார். முதல் பையின் ரப்பர் முடிச்சில் வைத்தார்.

"பிஸ்மில்லா சொல்லு பீவி. உன் நாப்பது நாள் ஆரம்பம்."

"நிறுத்துங்க."

கத்தரிக்கோல் நின்றது. அந்த வார்த்தையை அந்தக் குரலில் அந்த வீடு கேட்டதில்லை. சொன்னவளுக்கே அது யார் குரல் என்று ஒரு நொடி பிடிபடவில்லை.

"இதை நான் தொட்டியில விட மாட்டேன்."

"ஏன்? என்ன குறை இதுல?"

"ஒரு குறையும் இல்லை. அதான் குறை."

கமருதீன் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிய ராமுத்தாய்க்கு இருமல் வந்தது.

மைதீன் பீவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு பையைச் சுட்டினாள். "இங்க பாருங்க."

பைக்குள் இருந்த மூன்று மீன்களில் ஒன்று முதுகுத் துடுப்பைச் சீப்பு மாதிரி விரித்திருந்தது. மற்றொன்று மூலையில் ஒடுங்கியிருந்தது. அதன் வாலில் ஒரு சின்னக் கிழிசல்.

"தேனியில இருந்து வர்றதுக்குள்ள," என்றாள். "ஏங்க, நான் ஒண்ணு கேக்குறேன். ஒரே வயசு, ஒரே உசரம், ஒரே மாதிரி சட்டை போட்ட பன்னெண்டு ஏல வியாபாரிகளைக் கொண்டாந்து இந்த ரூமுல விட்டு வெளிய பூட்டுறோம். வெளிய போகவும் வழியில்லை, வேற சோலியும் இல்லை. என்ன ஆகும்?"

கமருதீன் வாயைத் திறந்தார். அவர் கண்முன் பன்னிரண்டு முகங்கள் வந்து போயின. பாதிப் பேருடன் அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

"எத்தனை நாள் தாங்கும்?" என்றாள் மைதீன் பீவி.

"மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும்," என்றார் கமருதீன், தொழில் நேர்மையோடு.

"இதுகளும் அப்புடித்தான். ஒரே ரகம், ஒரே அளவுன்னா ஒவ்வொண்ணும் மத்ததைப் போட்டின்னு நெனைக்கும். கடைசியில ஒண்ணு மிஞ்சும். அதோட என் ரூமும் போயிரும். ஜீப்புச் சாவியை எடுங்க."

"நானா? மறுபடியுமா? அந்தப் பய முன்னாடி போயி நிக்கச் சொல்றியா?"

"நான் முன்னால நிக்கிறேன். நீங்க பின்னால நில்லுங்க."

இந்த ஜீப் போடிமெட்டு வளைவுகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும் ஜீப். நேர்ச் சாலையைக் கண்டால் அதற்குத் தலைகால் புரியாது. கோடாங்கிபட்டி தாண்டும்வரை மைதீன் பீவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் யாஸ்மின் காதில் இயர்ஃபோன் இல்லாமலே, இருப்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பொறுக்கினது தப்பு," என்றார் கமருதீன் திடீரென்று.

"பொறுக்கினது தப்பில்லை. ஏலக்காயாப் பொறுக்கினீங்க."

"ஏலக்கா ஒண்ணை ஒண்ணு கடிக்காதுல்ல. எனக்கு எப்புடித் தெரியும்?"

"அதான் சீட்டு எழுதி வெச்சேன்."

ஜீப் கொஞ்ச தூரம் போனது. ஒரு லாரியை முந்தப் போனவர், மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அவர் வாகனம் ஓட்டும் வரலாற்றில் முந்தாமல் விட்ட முதல் லாரி.

"நல்ல நீலம் அது," என்றார்.

"நல்ல நீலந்தான்," என்றாள் அவள். "ரெண்டை வெச்சுக்கலாம். நீங்களே பாத்துச் சொல்லுங்க, எந்த ரெண்டுன்னு."

கடைக்காரர் ராஜ்கமலுக்கு முப்பது வயதிருக்கும். இஞ்ஜினியரிங் முடித்துவிட்டு, 'கொஞ்ச நாளைக்கு' என்று மீன் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது. பெட்டியைப் பார்த்ததும் வலையை எடுத்தார்.

"நான் அப்பவே சொல்ல வந்தேன் பாய்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வாயை மூடுன்னீங்க பாய்."

"ஒரு தடவை மூடுன்னா மறுபடி சொல்லக் கூடாதா? வியாபாரியா நீ?"

மைதீன் பீவி இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றாள். பத்து நீலம் திரும்பிப் போகும், பத்து சாம்பல் வரும் என்று ஒரே வாக்கியத்தில் பேசி முடித்தாள். பிறகு பெண் மீன்கள் இருந்த தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. சாம்பல், சாம்பல், சாம்பல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததும் பிரிய ஆரம்பித்தது. ஒன்றுக்கு விலாவில் மங்கலாக ஏழு கோடு. ஒன்று மற்றவற்றை விரட்டிவிட்டுத் தானும் சாப்பிடாது. ஒன்று கண்ணாடிக்கு வந்து அவள் மூக்குத்தியையே பார்த்தது.

"இது. அந்தப் பெரிசு. அதுக்கு அடுத்தது, அந்தக் குட்டை."

"குட்டையா?" என்றார் பின்னாலிருந்து கமருதீன்.

"குட்டைதான். பெரிசும் குட்டையும் கலந்து இருந்தாத்தான் சண்டை ஒருத்தர் மேலயே விழாது."

நாலாவது மீனுக்கு அவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவதை அவரே காட்டினார். "அந்தா, அந்த ஓரத்துக்காரி. ஆளு சுறுசுறுப்பு. கலரு இல்லாட்டியும் கண்ணு தெளிவா இருக்கு." சல்லடை இல்லாமல் ஒரு சரக்கைப் பார்ப்பது அவருக்கு வெறுங்காலோடு நடப்பது மாதிரி இருந்தது. இருந்தும் நடந்தார்.

ஒன்பது ஆனது. பத்தாவதைத் தேடும்போதுதான் மைதீன் பீவி அதைப் பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் தனியாக ஒரு சாம்பல் மீன். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. தாடை மட்டும் பொக்கென்று வீங்கியிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ மென்றுகொண்டே இருந்தது, விழுங்கவில்லை.

"அது வேணாங்க்கா," என்றார் ராஜ்கமல். "வாயில முட்டை வெச்சிருக்கு. இந்த சாதிமீனு முட்டை போட்டு வாய்க்குள்ளயே அடைகாக்கும். குஞ்சு நீந்துற வரைக்கும் மூணு வாரமோ நாலு வாரமோ, ஒரு பொட்டு இரை இல்லாம பட்டினி கெடக்கும். இது ஏற்கனவே ரொம்ப நாளாச்சு. பாருங்க, தோலும் எலும்பும்தான். இப்ப தொட்டி மாத்தினா பயத்துல துப்பிரும். துப்பினா மத்த மீனு குஞ்சைத் தின்னுரும். துப்பலைன்னா இது போயிரும். நான் யாருக்கும் குடுக்கலை."

யாஸ்மின் ஃபோன் வெளிச்சத்தை ஓரமாகப் பிடித்தாள். மீன் ஒரு நொடி உதட்டைத் தளர்த்தியபோது, உள்ளே கடுகுக்குப் பாதியாக, கறுப்பாகச் சில புள்ளிகள். இரண்டிரண்டாக. கண்கள்.

மைதீன் பீவி எழுந்திருக்கவில்லை.

"பத்தாவது இது."

"பீவி," என்றார் கமருதீன். குரல் இறங்கியிருந்தது. "அதை எடுக்காத. அது பொழைக்காதுங்கிறான்."

"கேட்டுச்சு."

"ஒண்ணு செத்தாலும்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

கமருதீன் கடைக்காரரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். வியாபாரத்தில் பேச்சை மாற்றுவது அவர் அகராதியில் கிடையாது. சொன்னது சொன்னதுதான் என்றுதான் ஏல ஹாலில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைச் செருப்பின் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, முணுமுணுப்பாகச் சொன்னார்.

"சரி, ஒண்ணு செய்யி. எடுத்துக்க. ஆனா இதை நிபந்தனையில சேக்க வேணாம். மத்த பதினொண்ணு மட்டும் சேத்தி. இது ஒதுக்குனதுன்னு வெச்சுக்குவோம்."

யாஸ்மின் அம்மா பக்கம் திரும்பினாள். 'சரின்னு சொல்லும்மா' என்று அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது.

மைதீன் பீவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒதுக்குனதுன்னு ஒண்ணை என் ரூமுக்குள்ள கொண்டார மாட்டேன். என் தொட்டிக்குள்ள வந்தா எல்லாமே மீனுதான். இதையும் சேருங்க."

"யோசிச்சுப் பேசு."

"ஒரு மாசமா வெறுந் தண்ணியப் பாத்து யோசிச்சிருக்கேன். சேருங்க."

ராஜ்கமல் அந்த மீனை வலையால் தொடவில்லை. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அது தானாக உள்ளே வரும்வரை காத்திருந்து, தண்ணீரோடு தூக்கினார். தனிப் பை. அதைப் பெட்டிக்குள் வைக்காமல் மைதீன் பீவி சேலைமேல் போர்த்தியிருந்த துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கமருதீன் ஒரு மாட்டு வண்டிக்குக்கூட வழி விட்டார்.

மாலை நாலரைக்கு ஆரம்பித்து முக்கால் மணி நேரம். வாளியில் கடைத் தண்ணீரோடு மீன்கள். தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வீட்டுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில் கலக்க வேண்டும். மீனுக்குப் புதுத் தண்ணீர் பழக வேண்டும் என்றாள் யாஸ்மின். நாத்தனார்கள் இருக்கும் வீட்டுக்கு மருமகளை இப்படிச் சொட்டுச் சொட்டாக யாரும் அனுப்புவதில்லை என்று நினைத்துக்கொண்டாள் மைதீன் பீவி, சொல்லவில்லை.

விளக்கை அணைத்தார்கள். முதலில் சாம்பல்காரிகள் ஒன்பது பேர். அப்புறம், கமருதீன் தேர்ந்தெடுத்த இரண்டு நீலங்கள். தொட்டிக்குள் ஒரு கலவரம் நடந்து அடங்கியது. பெரிய நீலம் நடுக்கல்லைத் தனதாக்கிக்கொண்டது. சின்ன நீலம் ஃபில்டர் பக்கம் போய்ப் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டது.

கடைசியாக, தனிப் பையில் வந்த மீனை மாற்றிவைத்திருந்த கிண்ணம். மைதீன் பீவி முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, கிண்ணத்தைக் கல்லின் பின்பக்கமாகச் சாய்த்தாள். தாடை வீங்கிய மீன் ஒரு கணம் அவள் விரலோரம் நின்றது. பிறகு இரண்டு கற்களுக்கு நடுவில் புகுந்து இருட்டில் கலந்தது. வாய் மூடியே இருந்தது.

"துப்பலை," என்றாள் யாஸ்மின்.

"துப்பலை," என்றார் கமருதீன். அவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டியிருந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியதும் சட்டை நுனியால் துடைத்தார்.

மூன்று பேரும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மாடியில் ராமுத்தாய் சல்லடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

கமருதீன்தான் முதலில் அசைந்தார். அவர் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. ஏல ஹாலில் எதிராளி கை தூக்குவதற்கு முன்பே விழும் கோடு அது.

"யாஸ்மின். அந்த வாய்க்குள்ள எத்தனை குஞ்சு இருக்கும்?"

"இருபது, முப்பது இருக்கும் அத்தா."

"அது வெளிய வந்து நீந்துனா, அதுகளும் தொட்டிக்குள்ள இருக்குற மீனுதான?"

"ஆமா."

"அதுல ஒண்ணு செத்தா?"

யாஸ்மின் அம்மாவைப் பார்த்தாள். பன்னிரண்டு உயிருக்குப் போட்ட நிபந்தனை நாற்பத்திரண்டு உயிருக்கு நீண்டது; அதில் முப்பது கடுகளவு, மற்றதில் பதினொன்றுக்குப் பசி.

"நான் அதை வெச்சு உன்னைப் பிடிக்கணும்னு கேக்கலை பீவி," என்றார் கமருதீன் அவசரமாக. "தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன். வேணும்னா குஞ்சைக் கணக்குல விட்டுருவோம். பெருசுக மட்டும்னு..."

"என்ன சொன்னேன் கடையில?"

"எல்லாமே மீனுதான்னு சொன்ன."

"அப்ப சேரும்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அறையில் நாலு சுவரும் அவளுக்குத் தெரிந்தன. ஒரு சுவரில்கூட மூடை இல்லை.

"யாஸ்மின், கொல்லையில மிஞ்சுன சின்னக் கல்லெல்லாம் கெடக்குல்ல, கழுவிக் கொண்டா. பெருசு நுழையாத சந்து வேணும், குஞ்சு மட்டும் நுழையுற மாதிரி. ஏங்க, ராத்திரிக்கு நீங்க எதாவது செஞ்சு எடுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

"நானா? என்னத்தைச் செய்ய?"

"அரிசி இருக்கு, பருப்பு இருக்கு. பொறுக்கத்தான் தெரியும்ல."

யாஸ்மின் கொல்லைக்கு ஓடினாள். கமருதீன் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு உள்ளே போனார். டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு கரண்டி விழுந்தது.

"பீவி, உப்பு எங்க இருக்கு?"

இன்னொரு டப்பா திறந்தது.

"பீவி?"

மைதீன் பீவி நாற்காலி நுனிக்கு நகர்ந்திருந்தாள். நடுக்கல்லில் இருந்த பெரிய நீலம் மெல்லத் திரும்பி, இரண்டு கற்களுக்கு நடுவில் இருந்த சந்தை நோக்கி நீந்தத் தொடங்கியிருந்தது. கொல்லையில் யாஸ்மின் கல்லைத் தண்ணீரில் அலசும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

சந்தின் இருட்டுக்குள், சாம்பல் நிறத் தாய் வாயைத் திறந்தாள்.